எந்தக் ‘கேட்’ என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 செப்டம்பர் முதல் வாரத்தில் ஒருவர் என் ப்ரௌசிங் சென்டருக்கு வந்தார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பேப்பர் கட்டிங் ஒன்றை எடுத்துக் கீபோர்டு மேலேயே விரித்து வைத்தார். நம் நாளிதழில் வந்த செய்திதான். ‘கேட் தேர்வுக்கு விண்ணப்பப் பதிவு தொடக்கம்’ என்று தலைப்பு. “பையன் பி.இ. மெக்கானிக்கல் கடைசி வருசமுங்க. எம்பிஏ படிக்கோணுங்கறான். இந்தப் பரீட்சைதானாம். போட்டு உட்ருங்கம்மா” என்றார்.

நானும் செய்தியை முழுதாகப் படிக்கவில்லை. அதில் இருந்த இணையதள முகவரியை அடித்து, பையனின் பெயர், மெயில் ஐடி, போன் நம்பர் எல்லாம் போட்டேன். ஓடிபி பையன் போனுக்குப் போனது. நம்பர் சொல்வதற்காகக் கூப்பிட்டவன் கொஞ்சம் தயங்கி, “அக்கா, மெசேஜ்ல ஜி போட்டு கேட்னு வருதுங்க. நான் சொன்னது சி போட்ட கேட்” என்றான். பணம் கட்டும் பக்கத்துக்கு இன்னும் இரண்டு பக்கம்தான் பாக்கி. கட்டியிருந்தால் 1,800 ரூபாய் போயிருக்கும். அதைவிட, கேட் எழுதப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே அவன் அசல் கேட்டைத் தவறவிட்டிருப்பான். நல்லவேளையாக அதற்குக் கடைசி நாள் இன்னும் வரவில்லை. அன்று சாயங்காலமே அவனை நேரில் வரச் சொல்லி விண்ணப்பித்தோம்.

தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கேட்’தான். ஒன்று (GATE) இன்ஜினியரிங் படித்தவர்கள் எம்.டெக். சேரவும், பொதுத்துறை நிறுவன வேலைக்கும் எழுதுவது, பிப்ரவரியில் நடக்கும். இன்னொன்று (CAT) மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகளான ஐஐஎம்கள் நடத்துவது, எம்பிஏவுக்கு, நவம்பரில் நடக்கும். இனி இந்தக் கடிதத்தில் வெறுமனே கேட் என்றால் இந்த எம்பிஏ தேர்வுதான். இரண்டுக்கும் விண்ணப்பிக்கும் நாட்கள் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இங்கிலீஷ் பேப்பர் படிப்பவருக்கு முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும். தமிழ் பேப்பர் மட்டும் படிக்கிற அப்பா அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் இந்தக் கடிதம். ‘எம்பிஏவுக்கான கேட்’, ‘எம்.டெக்.குக்கான கேட்’ என்று தலைப்பிலேயே ஒரு சொல் சேர்த்துப் போடுங்கள். இதே குழப்பம் சாட்டிலும் இருக்கிறது. ஜாம்ஷெட்பூரில் இருக்கும் எக்ஸ்எல்ஆர்ஐ என்ற மேலாண்மைக் கல்லூரி நடத்தும் எம்பிஏ தேர்வையும் சிலர் ‘சாட்’ என்று எழுதுகிறார்கள். பிளஸ் டூ முடித்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்கள் எழுதுவதையும் ‘சாட்’ என்றுதான் எழுதுகிறார்கள். முதலாவதை ‘எக்ஸாட்’ என்றே போடலாம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கரூர் ஜவஹர் பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பதினேழு வருடமாக ப்ரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஆறு சிஸ்டம், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின். இந்த ஊரில் எந்தப் பிள்ளை எந்தப் பரீட்சைக்குப் பணம் கட்டுகிறது என்பது பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் பரீட்சையைத் தேர்ந்தெடுப்பதே இல்லை என்பதையும் இந்த நாற்காலியிலிருந்துதான் பார்த்தேன். எந்த விண்ணப்பம் அன்றைக்குத் திறந்திருக்கிறதோ, கூட வந்த சிநேகிதி எதற்குப் போடுகிறாளோ, அதற்கே போட்டுவிடுகிறார்கள்.

என் வீட்டிலேயே அது நடந்தது. என் மகள் 2022இல் பி.காம். கடைசி வருடம். அவளுக்குக் கட்டம் போட்ட புதிர்க் கணக்கு கிடைத்தால் சாப்பாடுகூட வேண்டாம். வாரப் பத்திரிகைகளில் வரும் புதிர்ப் பக்கத்தை எனக்கு முன்னால் எடுத்து வைத்துக்கொள்வாள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்பிஏ சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதினாள், கலந்தாய்வில் கோவையில் ஒரு கல்லூரி கிடைத்தது, சேர்த்துவிட்டோம். சேர்ந்த ஒரு மாதத்தில் போன் செய்தாள். “அம்மா, என் ரூம்மேட் கேட் எழுதிட்டு வந்திருக்கா. அதுல மூணுல ஒரு பங்கு முழுக்கப் புதிர்தானாம்மா. நம்ம கடையில அதுக்கெல்லாம் அப்ளிகேஷன் போடுவோமா?” என்று கேட்டாள். போனை வைத்துவிட்டு ரெஜிஸ்டரைப் புரட்டினேன். 2022 ஆகஸ்டில் என் கையெழுத்திலேயே இரண்டு பேர் பெயர் இருந்தது. இரண்டு பேரும் இன்ஜினியரிங் பையன்கள். போட்டோவை அளவுக்கு வெட்டி, கையெழுத்தை ஸ்கேன் செய்து, நானேதான் ஏற்றியிருக்கிறேன். பக்கத்து சிஸ்டத்தில் உட்கார்ந்து அன்றைக்கு வந்த பில்லுக்கெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என் மகளிடம் “நீயும் எழுதிப் பாரேன் கண்ணு” என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பி.காம். படித்த பெண்ணுக்கு அது இல்லை, பெரிய ஊர் இன்ஜினியர்களுக்கானது என்று நானாக நினைத்திருந்தேன். எந்தப் பாடத்தில் டிகிரி வாங்கியவரும் எழுதலாம்; பொதுப் பிரிவுக்கு 50 சதவீதமும், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதமும் இருந்தால் போதும்; கடைசி வருடம் படித்துக்கொண்டிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். இதெல்லாம் அந்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அவள் படித்த கல்லூரியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நன்றாகப் படித்தாள், இப்போது வேலையும் கிடைத்துவிட்டது. ஆனால் இப்படி இன்னொரு வழி இருக்கிறது என்று அவளுக்கு நான் காட்டவே இல்லை. அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

இப்படிப் பட்டுப் பட்டுத்தான், இப்போது எம்பிஏ என்று யார் வந்தாலும் உட்கார வைத்துப் பேசாமல் விண்ணப்பம் போடுவதில்லை. கூட்டம் இருந்தால் சாயங்காலம் வரச் சொல்கிறேன்.

2025 பிப்ரவரி தொடக்கத்தில் டான்செட்டுக்குப் போட ஒரு பெண் வந்தாள். பி.எஸ்சி. கணிதம், வகுப்பில் முதல் மாணவி. ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனியில் அம்மா பேக்கிங் வேலை. பணம் கட்டி ரசீது எடுத்ததும், “அக்கா, திருச்சி ஐஐஎம்முக்கும் இதே மார்க்கை வச்சுத்தானே எடுப்பாங்க?” என்று கேட்டாள். திருச்சி ஐஐஎம் 2011இலேயே தொடங்கிவிட்டது. இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் திருச்சி. அங்கே நுழைய எழுதவேண்டிய பரீட்சை இரண்டு மாதம் முன்பே, 2024 நவம்பர் 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, முடிந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. “அடுத்த வருசம் எழுதிக்கலாங்க்கா” என்று சிரித்துக்கொண்டே போனாள். ஒரு வருடம் சும்மா இருக்க அந்த வீட்டில் விடுவார்களா என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவளைக் குறை சொல்ல முடியாது. டிகிரி முடிந்த பிறகுதான் அடுத்த படிப்புக்குப் போட வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம். டான்செட் கிட்டத்தட்ட அந்த நினைப்புக்கு ஏற்றபடி வருகிறது. 2025இல் ஜனவரி, பிப்ரவரியில் விண்ணப்பம், மார்ச்சில் பரீட்சை, அப்புறம் கலந்தாய்வு. கேட் அப்படி இல்லை. ஐந்தாவது செமஸ்டர் தொடங்கிய சூட்டிலேயே, ஆகஸ்டில் விண்ணப்பம் திறந்து செப்டம்பரில் மூடிவிடுகிறது. நவம்பர் கடைசி ஞாயிறை ஒட்டிப் பரீட்சை, டிசம்பரில் முடிவு. ஜனவரி முதல் வாரத்தில் எக்ஸாட். அதாவது கல்லூரியில் ‘அடுத்து என்ன படிக்கப் போறீங்க?’ என்று பேச்சு தொடங்கும்போது பாதிக் கதவு சாத்தியிருக்கும்.

இரண்டு பரீட்சையும் ஒன்றுபோல இருக்காது. டான்செட்டில் 120 நிமிடத்தில் 100 கேள்வி. வட்டத்தைப் பேனாவால் நிரப்பும் பேப்பர் பரீட்சையாகத்தான் 2025இலும் நடந்தது. ஒரு கேள்விக்கு 72 விநாடி. சதவீதம், விகிதம், லாப நஷ்டம் எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், வேகம்தான் வேண்டும். கேட்டில் அதே 120 நிமிடத்துக்கு 2024இல் 68 கேள்விதான். இங்கிலீஷ், புதிர், கணக்கு என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றில் நேரம் மிஞ்சினால் அடுத்ததற்கு எடுத்துப் போக முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறாகத் தேர்ந்தெடுத்தால் 1 குறையும். நாமே விடையை டைப் செய்யும் கேள்விகளில் தவறினால் குறையாது. டான்செட்டிலும் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், ஆனாலும் தெரிந்ததையெல்லாம் வேகமாகத் தொட்டுவிட்டு வரலாம். கேட்டில் எதை விடுவது என்று தெரிந்தவன்தான் மேலே வருவான். என் மகளைப் போலப் புதிரில் மூழ்குகிற பிள்ளைக்கு அது ஒத்துவரும் என்று இப்போது சொல்வேன். இரண்டுமே இங்கிலீஷில்தான் நடக்கின்றன. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இதை முதலிலேயே தெரிந்துகொண்டு ஆகஸ்டிலிருந்து தினமும் ஒரு பக்கமாவது இங்கிலீஷ் படித்துப் பழகினால் நல்லது. ஒரே மாதத்தில் வராது.

பெர்சன்டைல் பற்றியும் நீங்கள் ஒரு பெட்டிச் செய்தி போட வேண்டும். “85தான் வந்திருக்கு, 15 மார்க் போச்சு” என்று ஒரு அம்மா வருத்தப்பட்டார். 85 பெர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 85 மார்க் இல்லை. எழுதியவர்களில் நூற்றுக்கு 85 பேர் அந்தப் பிள்ளைக்குக் கீழே இருக்கிறார்கள் என்று பொருள். 2024இல் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். அதில் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் அவனுக்கு மேலே. அதனால் 85 மோசமும் இல்லை, பெரிய ஐஐஎம்முக்குப் போதவும் போதாது. ஆனால் கேட் மதிப்பெண்ணை ஐஐஎம்கள் மட்டுமா பார்க்கின்றன? ஐஐடி மெட்ராஸின் மேலாண்மைத் துறை, திருச்சி என்ஐடி, இன்னும் எத்தனையோ தனியார் கல்லூரிகள் அதை வைத்து எடுக்கின்றன. ஐஐஎம்களும் அந்த ஒரு எண்ணோடு நிறுத்துவதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மதிப்பெண், வேலை அனுபவம் என்று ஒவ்வொன்றும் தன் கணக்குப்படி சேர்த்துப் பார்க்கிறது. மூன்று பிரிவிலும் தனித்தனியாக ஒரு அளவைத் தாண்டவும் வேண்டும். கணக்கில் மட்டும் கொட்டிவிட்டு இங்கிலீஷில் விட்டுவிட்டால் மொத்த எண் நன்றாக இருந்தும் அழைப்பு வராது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அது இதர பிற்படுத்தப்பட்டோருக்கான ஓபிசி சான்றிதழ்.

நம் பிள்ளைகள் எல்லோரிடமும் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. பிசி அல்லது எம்பிசி என்று போட்டிருக்கும். பள்ளியில் சேரும்போது வாங்கி, லேமினேட் செய்து, பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருப்பார்கள். டான்செட் கலந்தாய்வுக்கு அது போதும். கேட் விண்ணப்பத்தில் ‘பிரிவு’ என்ற இடத்துக்கு வந்ததும் அந்த லேமினேஷன் உதவாது. அங்கே இருப்பது மத்திய அரசின் பட்டியல். கிரீமிலேயர், அதாவது வசதி படைத்தவர், இல்லாத ஓபிசி என்று, மத்திய அரசு படிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கிய தனிச் சான்றிதழ் வேண்டும். சம்பளமும் விவசாய வருமானமும் சேர்க்காமல் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம். இ-சேவையில் பதிந்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேலே போய் வர வேண்டும். ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு மாதமும் ஆகலாம். நடுவில் ஒரு விசாரணை வந்தால் அதற்கும் மேல்.

இரண்டு வருடம் முன்பு ஒரு பையன் கடைசி நாளுக்கு முந்திய சாயங்காலம் வந்தான். எம்பிசி குடும்பம், அப்பா அமராவதிக் கரையில் இரண்டு ஏக்கர் வாழை. இந்தச் சான்றிதழ் இல்லை. “சரிங்க்கா, ஜெனரல்னே போட்ருங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்றான். மாற்ற முடியாது. விண்ணப்பத்தில் ஒருமுறை பிரிவைக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். ஐஐஎம்களில் ஓபிசிக்கு நூற்றுக்கு 27 இடம் இருக்கிறது. அந்த இடங்களுக்கான வரிசையிலிருந்து அவனே விலகி நிற்க, நான் மௌஸைப் பிடித்துக்கொண்டு அதற்கு உதவினேன். அன்று ராத்திரி வீட்டுக்குப் போயும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் இப்போது ஜூன் மாதமே சொல்லிவிடுகிறேன்: எம்பிஏ எண்ணம் இருந்தால் முதலில் இ-சேவைக்குப் போய் ஓபிசிக்குப் போடு, 60 ரூபாய்தான் கட்டணம், பரீட்சையைப் பற்றி அப்புறம் பேசலாம். மாநிலப் பட்டியலில் இருக்கும் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறேன்.

பேர் விஷயமும் அப்படித்தான். நமக்கு இனிஷியல், ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுதாக. பரீட்சை ஹாலில் காட்டப்போகும் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்தில் போடுங்கள்.

அடுத்து, நிறையப் பரீட்சை எழுதினால் நல்லது என்று நினைப்பவர்களைப் பற்றி. 2024 டிசம்பரில் ஒரு பையன் வந்தான். யாரோ ஒரு ஏஜென்ட் துண்டுச் சீட்டில் நாலு எம்பிஏ பரீட்சை பேர் எழுதிக் கொடுத்திருந்தார். மேட், சிமேட், அட்மா, எக்ஸாட். “எல்லாத்தையும் எழுதுனா எங்கயாவது சீட் கன்பார்ம்னு சொன்னாருங்க்கா.” பெரும்பாலும் ஒவ்வொன்றும் இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அவன் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐநூறு ஐநூறாக எண்ணினார். நான் எண்ணுவதை நிறுத்தச் சொல்லி, “நீ எந்தக் காலேஜ்ல சேரணும்னு நினைக்கிறே தம்பி?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, “கிண்டி. அண்ணா யுனிவர்சிட்டி” என்றான். அங்கே போக இந்த நாலில் ஒன்றுகூட உதவாது. வேண்டியது டான்செட். 2025இல் அதற்குக் கட்டணம் 1,000 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 500. அதற்கு அறிவிப்பே அப்போது வந்திருக்கவில்லை. அந்த அம்மாவைப் பணத்தை முடிந்துகொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

மேட்டும் சிமேட்டும் வேண்டாத பரீட்சைகள் என்று நான் சொல்ல வரவில்லை. மேட் வருடத்தில் பல முறை நடக்கிறது; ஒரு முறை சரியாக எழுதவில்லை என்றால் சில மாதத்தில் இன்னொரு வாய்ப்பு. சிமேட்டில் பொதுப் பிரிவுப் பெண்களுக்குக் கட்டணம் பாதிதான். நீங்கள் சேர நினைக்கும் கல்லூரி அதை வைத்து எடுக்கிறதென்றால் தாராளமாக எழுதுங்கள். சென்னை லயோலாவின் மேலாண்மைக் கல்லூரியான லிபாவோ எக்ஸ்எல்ஆர்ஐயோ மனதில் இருந்தால் எக்ஸாட் எழுதலாம். கேட்டுக்குப் படித்ததோடு, இக்கட்டான சூழ்நிலையில் என்ன முடிவெடுப்பீர்கள் என்று கேட்கும் ஒரு பிரிவுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். என் கடையில் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, முதலில் மூன்று கல்லூரி பேரை எழுதச் சொல்கிறேன். பக்கத்தில் இரண்டு வருடத்துக்கான கட்டணம். அப்புறம் அந்தந்தக் கல்லூரியின் சொந்த இணையதளத்தைத் திறந்து, எந்தப் பரீட்சை என்று அவர்களையே பார்த்து எழுத வைக்கிறேன். பத்தில் எட்டுப் பிள்ளைக்குக் கேட்டும் டான்செட்டும் மட்டுமே மிஞ்சுகின்றன. டான்செட் எழுதுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன்: பரீட்சை எழுதிவிட்டால் சீட் தேடி வராது, கலந்தாய்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும். எம்பிஏ, எம்சிஏ கலந்தாய்வை கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்துகிறது. நல்ல மார்க் வாங்கிவிட்டு இதைத் தெரியாமல் விட்டவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

ஜிமேட், ஜிஆர்இ என்ற சர்வதேசத் தேர்வுகளுக்கு வருபவர்கள் இந்த ஊரில் குறைவு. ஆனால் வரும்போது பணம் பெரிது. ஏற்றுமதி செய்யும் குடும்பம் ஒன்றின் மருமகள், பெங்களூரில் ஆறு வருடம் சாப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு இப்போது மாமனாரின் கம்பெனியைப் பார்க்கிறாள். ஹைதராபாத் ஐஎஸ்பி என்ற மேலாண்மைக் கல்லூரியில் ஒரு வருடப் படிப்புக்குப் போட வேண்டும். அங்கே இரண்டில் எதை எழுதினாலும் ஏற்கிறார்கள். வேலை அனுபவம் உள்ளவர்களுக்காக ஐஐஎம் அகமதாபாத்திலும் பெங்களூரிலும் நடத்தும் ஒரு வருடப் படிப்புகளுக்கும் அப்படித்தான். எதை எழுதுவது என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? ஆனால் இரண்டையும் நடத்துகிறவர்களே முழு மாதிரித் தேர்வு இரண்டிரண்டு இலவசமாகத் தருகிறார்கள். அதைத்தான் சொன்னேன். வீட்டில் குழந்தை விடாது என்பதால், கடையைப் பாதி ஷட்டர் இறக்கி வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை மூலை சிஸ்டத்தில் உட்கார வைத்தேன்.

ஜிஆர்இயில் கணக்குக்குத் திரையிலேயே கால்குலேட்டர் வருகிறது. ஆனால் அகராதியில் மட்டுமே வாழும் இங்கிலீஷ் சொற்களில் அவள் திணறினாள். ஜிமேட்டில் கணக்குப் பிரிவுக்குக் கால்குலேட்டர் கிடையாது. ஆனால் டேபிளும் வரைபடமும் கொடுத்து முடிவெடுக்கச் சொல்லும் ‘டேட்டா இன்சைட்ஸ்’ என்ற பிரிவில் சர்ரென்று போனாள். கன்டெய்னர் கணக்கு, டாலர் ரேட், டெலிவரி தேதி என்று தினமும் அதிலேயே கிடப்பவள்தானே. ஜிமேட் என்று முடிவெடுத்தாள். அப்போது 275 டாலர் கட்டணம். நம் பணத்துக்கு 23,000 ரூபாய்க்கு மேல். மாதிரித் தேர்வு எழுதாமல் யாரோ சொன்னார்கள் என்று ஜிஆர்இக்குக் கட்டியிருந்தால் அந்தப் பணம் போனதுதான்.

இன்னொரு எச்சரிக்கையும் இதில் உண்டு. அவள் சீனியர் ஒருவர் தடிமனான பழைய ஜிமேட் புத்தகம் கொடுத்திருந்தார். அந்தப் பழைய பரீட்சை 2024 ஜனவரி 31ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இப்போது இருப்பதில் கட்டுரை இல்லை, வடிவியல் இல்லை, பிழை திருத்தும் கேள்விகளும் இல்லை. இரண்டே கால் மணி நேரம், 64 கேள்வி. மதிப்பெண்ணும் 205இலிருந்து 805 வரை. பழைய 700க்குச் சமமாக இப்போது 645 வந்தாலே போதும். இது தெரியாமல், மாதிரித் தேர்வில் 635 வந்ததும் அவள் முகம் வாடிவிட்டது. மாற்றி ஒப்பிடும் அட்டவணையைக் காட்டிய பிறகுதான் டீ குடித்தாள்.

சரி, உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஜூலையிலும் கல்விப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்குங்கள். எம்பிஏவுக்கு எந்தெந்தப் பரீட்சை, எப்போது விண்ணப்பம் திறக்கும், எப்போது மூடும், எந்தக் கல்லூரிகளுக்கு அது உதவும், கட்டணம் எவ்வளவு, ஓபிசி சான்றிதழுக்கு எப்போது போட வேண்டும் என்று தமிழில் போடுங்கள். பரீட்சை முடிந்து, நூறு பெர்சன்டைல் எடுத்தவர்களின் போட்டோ போடுகிறீர்கள், அது சந்தோஷம். விண்ணப்பம் மூடுவதற்கு முன் வரும் செய்திதான் எங்கள் ஊருக்கு உதவும். கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் பார்க்கும் ஆசிரியர்களும் இதைப் படிப்பார்கள் என்றால், மூன்றாம் வருடம் தொடங்கும் முதல் வாரத்திலேயே பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ. வகுப்புகளில் ஒரு மணி நேரம் இதைப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். யார் கூப்பிட்டாலும் கடையைச் சாத்திவிட்டு நானே வந்து பேசவும் தயார்.

அந்த வெல்டர் பையன் நவம்பரில் திருச்சியில் கேட் எழுதினான். 83 பெர்சன்டைல். ஐஐஎம் அழைப்பு வரவில்லை. மார்ச்சில் டான்செட் எழுதினான், நன்றாக வந்திருக்கிறது, இப்போது கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறான். போன வாரம் அவன் அப்பா ஜெராக்ஸ் எடுக்க வந்தார். “பையனோட தங்கச்சி இந்த வருசம் பி.காம். கடைசிங்க. அந்த ஓபிசிக்குப் போட்டாச்சு. பேப்பர்ல கேட்டுன்னு வந்தா இந்தத் தடவையும் கிழிச்சு எடுத்தாறேன், எந்தக் கேட்டுன்னு நீங்க பாத்துச் சொல்லிருங்கம்மா” என்றார்.

வழக்கமாக ஆகஸ்ட் முதல் தேதியை ஒட்டி விண்ணப்பம் தொடங்கிவிடும். அவர் கிழித்து எடுத்து வருவதற்குள் அந்த ஒரு வரியைத் தலைப்பில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ப்ரௌசிங் சென்டர் நடத்தும் வாசகி,
கரூர்.